நாக்கைத் தாண்டிய கசப்பு: ஒரு கண்டுபிடிப்பின் வரலாறு



இந்த முறை வரலாற்றுக் கட்டுரையில் மன்னர் இல்லை, போர் இல்லை. கசப்பு என்ற ஒரே ஒரு சுவைதான் இருக்கிறது. கசப்பை நாக்கு உணர்கிறது, இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் கசப்பை உணரும் அதே நுண்கருவி நம் மூக்குக்குள்ளும் நுரையீரலின் மூச்சுக்குழாயிலும் வயிற்றிலும் குடலிலும் இருக்கிறது. இதை அறிவியல் உலகம் முழுதாகத் தெரிந்துகொண்டு முப்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. உங்கள் அப்பா அம்மா பள்ளியில் படித்தபோது இது எந்தப் பாடநூலிலும் கிடையாது.

ஏன் இந்தத் தலைப்பு? இரண்டு காரணங்கள். ஒன்று, அறிவியல் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் கணினி, கைப்பேசி, விண்வெளி என்ற மூன்றைத் தாண்டுவதே இல்லை. இன்னொன்று கொஞ்சம் கவலை தரும் காரணம். "நுரையீரலுக்கும் சுவை தெரியும், அதனால பாகற்காய்ச் சாறு குடிச்சா ஆஸ்துமா போயிடும்" என்கிற மாதிரிச் செய்திகள் கைப்பேசியில் சுற்றுகின்றன. அதன் முதல் பாதி உண்மை. அந்த உண்மைப் பாதிதான் இரண்டாம் பாதியையும் நம்ப வைக்கிறது. நம் வகுப்புகளில் பையில் இன்ஹேலரோடு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே இந்த வரலாற்றை ஒழுங்காகத் தெரிந்துகொள்வது நமக்குத் தேவையாகிறது.

முதலில் ஒரு சொல். 'ஏற்பி' என்பது 'ஏல்' என்ற அடியிலிருந்து வந்த கலைச்சொல். தன்னிடம் வரும் வேதிப்பொருளை ஏற்றுக்கொண்டு உயிரணுவுக்குள் செய்தி சொல்லும் புரதம் அது. உயிரணுவின் வெளிச்சுவரில் பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாகச் செருகப்பட்டிருக்கும். வெளியே வந்து ஒட்டும் பொருள் உள்ளே போக வேண்டியதில்லை, செய்தி மட்டும் உள்ளே போகும். வீட்டு வாசலில் அழைப்பு மணியை அழுத்துகிறவர் வீட்டுக்குள் வராமலே உள்ளே இருப்பவரை எழுப்பிவிடுவார் அல்லவா, அப்படித்தான்.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். தமிழில் அறுசுவை என்கிறோம். கார்ப்பும் துவர்ப்பும் நம் கணக்கில் சுவைகள். இன்றைய உடலியலின் கணக்கில் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி என்று ஐந்து. உமாமி 1908இல் ஜப்பானின் கிக்குனே இக்கேடா சேர்த்தது. காரத்தை அவர்கள் வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்புகளின் கணக்கில் வைக்கிறார்கள். யார் சரி, யார் தவறு என்ற சண்டை இங்கே வேண்டாம், பிரிக்கும் அடிப்படை வேறு. ஆனால் எந்தக் கணக்கிலும் கசப்பு விடுபடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நாக்கின் வரைபடம் நினைவிருக்கிறதா? நுனியில் இனிப்பு, ஓரத்தில் உவர்ப்பும் புளிப்பும், அடிநாக்கில் கசப்பு என்று வண்ணம் தீட்டிய படம். அந்தப் படம் தவறு. 1901இல் டேவிட் ஹேனிக் என்ற ஜெர்மானியர் நாக்கின் வெவ்வேறு இடங்களில் சுவைக்கரைசலைச் சொட்டுச் சொட்டாக வைத்து, எந்த இடம் எவ்வளவு எளிதில் உணர்கிறது என்று அளந்தார். இடத்துக்கு இடம் சிறு வேறுபாடு இருந்தது, அவ்வளவுதான். 1942இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எட்வின் போரிங் தம் நூலில் அந்த அளவுகளை வேறு விதமான வரைபடமாகப் போட்டார். அதைப் பார்த்தவர்கள் 'குறைவாக உணரும் இடம்' என்பதை 'உணரவே உணராத இடம்' என்று படித்துக்கொண்டார்கள். 1974இல் வர்ஜீனியா காலிங்ஸ் மறுபடி அளந்து பார்த்து, வேறுபாடு இருந்தாலும் அது மிகச் சிறியது என்று காட்டினார். அதற்குப் பிறகும் அந்தப் படம் பாடநூல்களை விட்டுப் போகவில்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் நாக்கு நுனியில் கொஞ்சம் காப்பித்தூளை வைத்துப் பாருங்கள், கசக்கும்.

அந்தப் படத்தால் வந்த கெடுதல் பெரியது என்பது என் கருத்து. நாக்கிலேயே ஒரு மூலையில்தான் கசப்பு தெரியும் என்று நம்பினால், நாக்குக்கு வெளியே கசப்பைத் தேடும் எண்ணம் எவருக்கு வரும்?

கசப்பு ஆராய்ச்சியின் உண்மையான தொடக்கம் ஒரு தூள் பறந்த சம்பவம். 1931, அமெரிக்கா, டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஃபீனைல்தயோகார்பமைடு என்ற பொருளைத் தயாரித்து ஒரு குப்பியில் கொட்டிக்கொண்டிருந்தார். நாமும் அவர்களைப் போல இதைச் சுருக்கி 'பிடிசி' என்றே சொல்வோம். கொட்டும்போது தூள் காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்த நோலர் என்ற சக ஆய்வாளர், "ஐயோ, என்னய்யா இப்படிக் கசக்குது!" என்கிற மாதிரி முறையிட்டார். ஃபாக்ஸுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. தூளுக்கு மிக நெருக்கமாக நின்றது அவர்தான். நாக்கில் எடுத்து வைத்துப் பார்த்தார், அப்போதும் ஒன்றுமில்லை, சுண்ணாம்புத் தூள் மாதிரி. நோலர் மறுபடி சுவைத்தார், மறுபடி கசந்தது.

இந்த இடத்தில் இருவரும் வாதாடிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். ஃபாக்ஸ் அப்படிப் போகவில்லை. கையில் கிடைத்தவர்களுக்கெல்லாம் அந்தப் பொருளைக் கொடுத்துச் சோதித்தார். சிலருக்குக் கசந்தது, சிலருக்கு இல்லை. வயதோ, ஆண் பெண் என்பதோ, இனமோ காரணமாகத் தெரியவில்லை. 1932இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

அடுத்து வந்தவர்கள் மரபியலார்கள். எல்.எச். ஸ்னைடர் பல குடும்பங்களைச் சோதித்து, கசப்பை உணராத தன்மை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு ஒடுங்கு பண்பாக வருகிறது என்று காட்டினார். ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ, ஊமத்தைச் செடியின் மரபியலை ஆராய்ந்து பெயர் பெற்றவர், 1931 டிசம்பர் இறுதியில் நியூ ஆர்லியன்ஸில் தொடங்கிய ஓர் அறிவியல் மாநாட்டில் ஃபாக்ஸோடு சேர்ந்து வேடிக்கையான ஏற்பாடு ஒன்றைச் செய்தார். வருகிறவர்கள் பிடிசியைச் சுவைத்துவிட்டு, தங்களுக்கு என்ன சுவை தெரிந்தது என்று வாக்குப்பதிவு இயந்திரத்தில் வாக்களிக்க வேண்டும். ஏறக்குறைய 2500 பேர் வாக்களித்தார்கள். சுமார் 65 விழுக்காட்டினர் கசப்பு என்றார்கள். சுமார் 28 விழுக்காட்டினர் ஒரு சுவையும் இல்லை என்றார்கள். மிச்சமிருந்த சிலருக்கு வேறு ஏதோ சுவை தெரிந்ததாம்.

அடுத்த சில பத்தாண்டுகளுக்கு உலகம் முழுவதும் பிடிசி சோதனை பெரிய மோகமாகிவிட்டது. எந்த நாட்டில் எத்தனை பேருக்குக் கசக்கிறது என்று ஆயிரக்கணக்கான மக்களைச் சோதித்துப் பட்டியல் போட்டார்கள். டிஎன்ஏ சோதனை வராத காலம் என்பதால், ஒரு பிள்ளைக்குத் தந்தை யார் என்று பார்க்கக்கூட இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எவ்வளவு பலவீனமான சான்று பாருங்கள்! அப்பா அம்மா இருவருக்கும் கசக்காமல் பிள்ளைக்குக் கசந்தால் சந்தேகப்பட்டார்கள். ஆனால் இந்தப் பண்பு ஒரே மரபணுவின் சொல்லுக்கு அப்படியே கட்டுப்பட்டதல்ல என்பது பிறகுதான் தெளிவானது. எத்தனை குடும்பங்களில் மனக்கசப்பு வந்ததோ! பள்ளி ஆய்வுக்கூடங்களிலும் பிடிசி தாள் வந்து சேர்ந்தது. தாளில் இருப்பது மிகக் குறைந்த அளவுதான், ஆனால் பொருளாக அது நச்சுத்தன்மை உடையது. ஆசிரியர்கள் இதைச் செய்து காட்ட நினைத்தால் அறிவியல் ஆசிரியரைக் கலந்துகொண்டு செய்யுங்கள்.

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் அனைத்துலக மரபியல் மாநாடு. உலகப் போர் மூளும் தறுவாய். அந்தப் பரபரப்பிலும் ரொனால்டு ஃபிஷர், ஈ.பி. ஃபோர்டு, ஜூலியன் ஹக்ஸ்லி என்ற மூன்று பெரிய அறிஞர்கள் விலங்குக்காட்சி சாலைக்குப் போய்ச் சிம்பன்சிக் குரங்குகளுக்குப் பிடிசி கலந்த நீரைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சில குரங்குகளுக்குக் கசந்தது, சில சாதாரணமாக விழுங்கின. விகிதமும் மனிதரைப் போலவே இருந்தது. ஆகவே மனிதனும் சிம்பன்சியும் பிரிவதற்கு முன்பே இந்த வேறுபாடு தோன்றி இலட்சக்கணக்கான ஆண்டுகளாக அப்படியே காக்கப்பட்டு வருகிறது என்று முடிவு செய்தார்கள். அழகான முடிவு. அறுபத்தேழு ஆண்டுகள் யாரும் அதை அசைக்கவில்லை. 2006இல் மரபணுவையே எடுத்து வாசித்துப் பார்த்தபோது, சிம்பன்சியிடம் இருப்பது வேறு பழுது, மனிதனிடம் இருப்பது வேறு பழுது என்று தெரிந்தது. இரண்டு இனங்களிலும் தனித்தனியாக நடந்திருக்கிறது. விகிதம் ஒத்துப்போனது வெறும் தற்செயல்.

சரி, கசப்பை உணரும் கருவி எது? 1990 வரை எவருக்கும் தெரியாது. பார்ப்பதற்கும் மணப்பதற்கும் உள்ள ஏற்பிகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் சுவை பின்தங்கியே நின்றது. 1992இல் ராபர்ட் மார்கோல்ஸ்கியின் குழு சுவை உயிரணுக்களில் ஒரு புரதத்தைக் கண்டறிந்து 'கஸ்ட்டூசின்' என்று பெயரிட்டது. இது ஏற்பி அல்ல. ஏற்பியிடம் செய்தியை வாங்கி உள்ளே கொண்டுபோகும் தூதன். கண்ணில் ஒளியைப் பற்றிய செய்தியைக் கொண்டுபோகும் புரதத்துக்கு இது மிக நெருங்கிய உறவு. நாக்கும் கண்ணும் ஏறக்குறைய ஒரே தூதனை வைத்து வேலை வாங்குகின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

1996இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எலியின் வயிற்றிலும் குடலிலும் அதே கஸ்ட்டூசினைக் கண்டார்கள். நாக்கில் மட்டும் இருக்க வேண்டிய தூதன் வயிற்றில் என்ன செய்கிறான்? நாக்கைத் தாண்டிய கசப்பின் வரலாறு இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்பியையே இன்னும் கண்டறியவில்லை, அதற்குள் அதன் தூதன் வேறு ஊரில் பிடிபட்டுவிட்டான்!

ஏற்பி கிடைத்தது 2000இல். சார்லஸ் சூக்கர், நிக்கலஸ் ரைபா ஆகியோரின் குழு ஒரு பக்கம், லிண்டா பக்கின் குழு இன்னொரு பக்கம். இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரு புதிய ஏற்பிக் குடும்பத்தை அறிவித்தன. லிண்டா பக் மண ஏற்பிகளுக்காக 2004இல் ரிச்சர்டு ஆக்செலோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இந்தக் குடும்பத்துக்கு 'டிஏஎஸ்2ஆர்' என்று பெயர். மனிதரிடம் இதில் ஏறக்குறைய 25 வகைகள் வேலை செய்கின்றன. இனிப்புக்கு ஒரே ஒரு இணை போதும், கசப்புக்கு 25! ஏன் இந்த வேறுபாடு? இனிப்பு என்றால் சர்க்கரை, தேட வேண்டியது ஒரு வகைப் பொருள். கசப்பு அப்படியல்ல. செடிகள் தங்களைத் தின்ன வரும் உயிர்களிடமிருந்து காத்துக்கொள்ளத் தயாரிக்கும் நச்சுப் பொருள்கள் எத்தனையோ வடிவங்களில் இருக்கின்றன. அத்தனையையும் பிடிக்க அகலமான வலை வேண்டும். ஆனால் கசப்பதெல்லாம் நஞ்சு என்றோ நஞ்செல்லாம் கசக்கும் என்றோ எழுதிவிடாதீர்கள், இரண்டும் தவறு. காப்பி கசக்கிறது, தினமும் பசியாறும்போது குடிக்கிறோம்.

விலங்குகளிடம் இந்த எண்ணிக்கை ரொம்பவே மாறும். கோழியிடம் மூன்றுதான். இரையை அப்படியே விழுங்கும் திமிங்கிலங்களிடம் இந்த மரபணுக்கள் ஏறக்குறைய எல்லாமே பழுதாகிக் கிடக்கின்றன. அவை மென்று சுவைப்பதே இல்லையே!

2003இல் டென்னிஸ் டிரெய்னாவின் குழு ஃபாக்ஸின் புதிரை அவிழ்த்தது. பிடிசி கசப்பதற்குக் காரணமான மரபணு ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது. அதன் பெயர் டிஏஎஸ்2ஆர்38. அந்த ஏற்பிப் புரதத்தின் 49, 262, 296 ஆகிய மூன்று இடங்களில் என்ன அமினோ அமிலம் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கசக்கும் அல்லது கசக்காது. நோலருக்கும் ஃபாக்ஸுக்கும் இடையில் 1931இல் நின்ற வேறுபாடு இந்த மூன்று இடங்களுக்குள் அடங்கிவிட்டது. முட்டைக்கோஸ், புரோக்கோலி, கடுகு போன்ற குடும்பத்துக் காய்கறிகளில் இந்த ஏற்பியைத் தொடும் பொருள்களுக்கு நெருங்கிய பொருள்கள் உண்டு. அதனால் ஒரு பிள்ளை புரோக்கோலியை ஒதுக்குவதற்குப் பிடிவாதம் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பாகற்காய் வேறு குடும்பம், அதன் கசப்புப் பொருள்களும் வேறு. பிடிசி சோதனையை வைத்துப் பாகற்காயைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

இதற்கிடையில் உடலின் மற்ற இடங்களிலிருந்து செய்திகள் வரத் தொடங்கின. 2002இல் என்ரிகே ரோசென்கர்ட்டின் குழு வயிற்றிலும் குடலிலும் தூதன் மட்டுமல்ல, கசப்பு ஏற்பிகளே இருக்கின்றன என்று அறிவித்தது. 2003இல் தாமஸ் ஃபிங்கரின் குழு எலி, சுண்டெலி ஆகியவற்றின் மூக்குக்குள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் சில உயிரணுக்களில் அவற்றைக் கண்டது. அந்த உயிரணுக்களைக் கசப்புப் பொருள் தொட்டால் மூச்சின் வேகம் மாறுகிறது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மூக்கில் கசப்பு பட்டால் நமக்குக் 'கசக்குது' என்று தெரியாது. சுவை என்ற உணர்வு மூளையில் உருவாவது. நாக்கின் ஏற்பிகளிலிருந்து மூளையின் சுவைப் பகுதிக்கு நரம்பு வழி இருக்கிறது, குடலுக்கும் நுரையீரலுக்கும் அந்த வழி இல்லை. ஆகவே 'நுரையீரல் சுவைக்கிறது' என்று தலைப்பு வைப்பது கவர்ச்சியாக இருந்தாலும் சரியல்ல. அழைப்பு மணி ஒன்றுதான், அடிக்கும் வீடு வேறு, எழுந்து வருகிற ஆளும் வேறு.

2009இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் மனித மூச்சுக்குழாயின் உள்சுவரைப் பார்த்தார்கள். அங்கே புல்வெளி மாதிரி நுண்மயிர்கள் உண்டு. அவை ஓயாமல் அசைந்து சளியையும் தூசியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நுண்மயிர்களின் மேலேயே கசப்பு ஏற்பிகள் இருந்தன. கசப்புப் பொருள் பட்டதும் நுண்மயிர்கள் இன்னும் வேகமாக அடித்தன. மூளையைக் கேட்காமல், நரம்பைக் கேட்காமல், வேண்டாத பொருளை அந்த இடத்திலேயே வெளியே தள்ளும் ஏற்பாடு.

அடுத்த ஆண்டு, 2010, இந்த வரலாற்றின் மிகச் சூடான பகுதி. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லிகெட், தீபக் தேஷ்பாண்டே ஆகியோரின் குழு மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் மென்தசையில் இந்த ஏற்பிகளைக் கண்டது. ஆஸ்துமா வரும்போது இறுகி மூச்சை அடைப்பது இந்தத் தசைதான். ஏற்பியைக் கசப்புப் பொருள் தொட்டால் உயிரணுவுக்குள் கால்சியம் உயரும் என்பது முன்பே தெரியும். கால்சியம் உயர்ந்தால் தசை இறுகும் என்பதும் தெரியும். இரண்டையும் கூட்டினால் என்ன வர வேண்டும்? கசப்பு பட்டால் மூச்சுக்குழாய் இறுக வேண்டும். நஞ்சை உள்ளே விடாமல் கதவைச் சாத்துவது மாதிரி. குழுவும் அதைத்தான் எதிர்பார்த்தது.

நடந்தது தலைகீழ். தசை தளர்ந்தது. மூச்சுக்குழாய் விரிந்தது. குவினைன், குளோரோகுவின் முதலியவற்றை வைத்துப் பார்த்தார்கள். நாக்கில் இனிக்கும் சாக்கரினுக்கும் கசப்பு ஏற்பிகளைத் தொடும் இன்னொரு முகம் உண்டு, அதையும் வைத்துப் பார்த்தார்கள். தளர்ந்த அளவு, அப்போது ஆஸ்துமாவுக்குப் பயன்பட்ட மருந்து வகையைவிட அதிகமாக இருந்தது. ஆஸ்துமா உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளிலும் அடைப்பு குறைந்தது. ஏன் தளர்கிறது என்பதற்கு அந்தக் குழு ஒரு விளக்கம் சொன்னது. அதன்பின் மற்றவர்கள் வேறு விளக்கம் சொன்னார்கள். இந்த வாதம் நீண்ட நாள் நடந்தது. தளர்வதை யாரும் மறுக்கவில்லை.

கைப்பேசிச் செய்திக்கு மூலம் இதுதான். இப்போது கவனமாகப் படியுங்கள். ஆய்வில் கசப்புப் பொருளை நேரடியாகத் தசையில், அளந்த செறிவில் வைத்தார்கள். நாம் குடிக்கும் பாகற்காய்ச் சாறு வயிற்றுக்குப் போகிறது. அங்கே செரித்து, கல்லீரலைக் கடந்து, இரத்தத்தில் கலந்து, மூச்சுக்குழாயின் தசையை அடைவதற்குள் அதில் என்ன மிஞ்சும்? கசப்பான உணவைச் சாப்பிடுவது ஆஸ்துமாவுக்கு உதவாது என்று லிகெட்டே அன்றைக்கே சொல்லிவிட்டார். கசப்புப் பொருளை வேதியியல் முறையில் மாற்றி மருந்தாக்கி, மூச்சோடு இழுக்கும் வடிவத்தில் தர வேண்டும் என்பதுதான் அவர் யோசனை. ஆகவே ஆஸ்துமா உள்ள மாணவர் யாரும் இந்தக் கட்டுரையைக் காட்டி இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டு வரக்கூடாது. பாட்டி பாகற்காய்க் குழம்பு வைத்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள், அது வேறு கணக்கு.

2012இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நோம் கோஹன், ராபர்ட் லீ ஆகியோரின் குழு மூக்குக்குத் திரும்பியது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா நோயுண்டாக்கும் முன் தன் இனத்தோடு 'பேசும்'. ஒரு வேதிப்பொருளை வெளிவிட்டு, 'நாம் எத்தனை பேர் இருக்கிறோம்' என்று எண்ணிக்கொள்ளும். போதுமான கூட்டம் சேர்ந்ததும் தாக்கும். அந்தப் பேச்சை நம் மூக்கு ஒட்டுக்கேட்கிறது! கேட்கும் காது எது தெரியுமா? டிஏஎஸ்2ஆர்38, ஃபாக்ஸின் பிடிசி ஏற்பி. பாக்டீரியாவின் செய்திப்பொருள் பட்டதும் மூக்கின் உயிரணுக்கள் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடுகின்றன. அது கிருமியைக் கொல்லும், நுண்மயிர்களையும் வேகமாக அடிக்க வைக்கும். பிடிசி நன்றாகக் கசக்கும் மரபணு வகை உள்ளவர்களின் உயிரணுக்கள் இதை வலுவாகச் செய்தன. கசக்காத வகை உள்ளவர்களின் உயிரணுக்கள் மந்தமாக இருந்தன. ஆனால் இதை வைத்து 'பிடிசி கசக்காதவருக்கெல்லாம் மூக்கு நோய் வரும்' என்று எழுதினால் தவறு. நோய்க்குக் காரணங்கள் பல, மரபணு அவற்றில் ஒன்று.

அதே குழு 2014இல் இன்னொன்றைச் சொன்னது. மூக்கில் சிதறிக் கிடக்கும் சில உயிரணுக்களில் கசப்பு ஏற்பியும் இனிப்பு ஏற்பியும் ஒன்றாகவே இருக்கின்றன. கசப்பு ஏற்பி தூண்டப்பட்டால் பக்கத்து உயிரணுக்கள் கிருமிக்கொல்லிப் புரதங்களை வெளிவிடும். இனிப்பு ஏற்பி அதைத் தடுத்து வைக்கும். நம் சளியில் இயல்பாகவே சிறிதளவு சர்க்கரை உண்டு, அது பிரேக் மாதிரி. பாக்டீரியாக்கள் பெருகிச் சர்க்கரையைத் தின்றுவிட்டால் பிரேக் விடுபடும், ஆயுதங்கள் வெளியே வரும். ஒரு நாவலாசிரியர் இப்படிக் கதை பின்னினால் 'ரொம்ப மிகை' என்று நானே குறிப்பெழுதியிருப்பேன்.

வயிற்றின் கதை சிறியது. காப்பி குடித்தால் சிலருக்கு வயிற்றில் அமிலம் சுரக்கிறது அல்லவா? 2017இல் வெரோனிகா சோமோசாவின் குழு, வயிற்றின் அமிலம் சுரக்கும் உயிரணுக்களில் இருக்கும் கசப்பு ஏற்பிகள் வழியாகவே கஃபீன் அந்த வேலையைச் செய்கிறது என்று காட்டியது. வாயில் சுவைக்கும்போது ஒரு விளைவு, வயிற்றுக்கு நேரடியாகப் போனால் வேறு விளைவு என்பதுதான் இதில் சுவையான செய்தி. குடலில் 2016இல் மூன்று குழுக்கள், புழுக்களைக் கண்டறிந்து எதிர்ப்புச் சக்திக்கு எச்சரிக்கை கொடுக்கும் ஒரு வகை உயிரணுவைப் பற்றி எழுதின. அது முன்பு எலிக் குடலில் கஸ்ட்டூசினைக் கண்டார்களே, அதே இனத்து உயிரணு. இருபது ஆண்டுகள் கழித்து அந்தத் தூதனுக்கு வேலை இன்னதென்று தெரிந்தது. எல்லா வேளையிலும் கசப்பு ஏற்பிதான் அங்கே மணியடிக்கிறது என்று சொல்ல முடியாது, ஆனால் மணியடித்த பின் ஓடும் செய்தித்தொடர் சுவையின் செய்தித்தொடர்தான். இதயத்திலும் தோலிலும்கூட இந்த ஏற்பிகளைக் கண்டிருக்கிறார்கள். அங்கெல்லாம் என்ன வேலை என்பது இன்னும் பாதி வழியில் நிற்கிறது.

இந்த இடத்தில் பெயர் பற்றிய ஒரு கேள்வி வருகிறது. 'கசப்பு ஏற்பி' என்ற பெயர் சரியா? முதலில் நாக்கில் கண்டார்கள், அதனால் அந்தப் பெயர். முதலில் மூக்கில் கண்டிருந்தால் 'கிருமி ஏற்பி' என்று பெயர் வைத்திருப்பார்கள். அப்போது நாக்கில் அது இருப்பதுதான் விந்தையாகத் தோன்றியிருக்கும். மாணவர்களுக்கு விவாதத் தலைப்பாகக் கொடுத்துப் பாருங்கள், நன்றாகப் பேசுவார்கள்.

தமிழில் தாங்க முடியாத கசப்பை 'எட்டிக்காய்க் கசப்பு' என்கிறோம். எட்டி விதையில் இருக்கும் கொடிய நஞ்சு ஸ்ட்ரிக்னைன். இதை 1818இல் பெல்த்தியே, கவந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் எட்டியின் இனத்தைச் சேர்ந்த இன்னொரு தாவரத்தின் விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இரண்டாண்டுகளில் குவினைனையும் பிரித்தவர்கள் அவர்களே. 2022இல் சீன ஆய்வாளர்கள் ஒரு கசப்பு ஏற்பியின் முப்பரிமாண வடிவத்தை முதன்முதலாகப் படமெடுத்தார்கள். அந்தப் படத்தில் ஏற்பியின் குழிக்குள் பொருந்தி உட்கார்ந்திருந்தது இந்த ஸ்ட்ரிக்னைன்தான். எட்டிக்காய் ஏன் கசக்கிறது என்பதை இப்போது கண்ணால் பார்க்கலாம்.

நிலவேம்பை மலாய்க்காரர்கள் 'ஹெம்பெடு பூமி' என்பார்கள், நிலத்தின் பித்தம் என்று பொருள். பித்தம் கசக்கும் என்பது எல்லா மொழிக்காரருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தப் பித்தநீரின் அமிலங்களும் சில கசப்பு ஏற்பிகளைத் தூண்டுகின்றன. அப்படியானால் உடலுக்குள் இருக்கும் இந்த ஏற்பிகள் வெளியிலிருந்து வரும் நஞ்சுக்காக மட்டும் காத்திருக்கின்றனவா, அல்லது உடல் தானே தயாரிக்கும் பொருள்களையும் கவனித்துக்கொண்டிருக்கின்றனவா? 2024இல் டிஏஎஸ்2ஆர்14 என்ற ஏற்பியின் வடிவத்தைப் பார்த்தபோது, வழக்கமாகக் கசப்புப் பொருள் அமரும் குழியில் கொலஸ்ட்ரால் உட்கார்ந்திருந்தது. கசப்புப் பொருளோ வேறொரு பக்கத்திலிருந்து வந்து ஒட்டியிருந்தது. நம் உயிரணுக்களின் சுவரிலேயே இருக்கும் கொலஸ்ட்ரால் அங்கே என்ன செய்கிறது என்ற கேள்வியில் ஆய்வாளர்கள் இப்போது இருக்கிறார்கள்.